கசப்பு எங்கிருந்து வரும்?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீர் காய்ச்சும் விதத்தைப் பற்றிப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். தாமலில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கடை அது. லாரிக்காரர்கள் வந்துபோகிற இடம் என்பதால் எல்லா வகைப் பேச்சும் அந்த பெஞ்சுக்குப் பழக்கம். ஆனால் என் அக்கா மகன் கேட்ட கேள்வி கடைக்காரரையே ஆற்றுவதை நிறுத்தவைத்துவிட்டது.

பையன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். அங்கே வீட்டுச் சமையலறையில் ஹாப்ஸ் போடாத மூலிகை ஏல் ஒன்றைக் காய்ச்சியிருக்கிறான். ஐந்து லிட்டர். குடித்துப் பார்த்தால், அவன் சொன்னபடியே சொல்கிறேன்: "முதல்ல பாயசம், அப்புறம் கஷாயம், கடைசில பாக்கு மென்ன மாதிரி வாயை இழுக்குது மாமா. ஹாப்ஸுக்குப் பதிலா வேற என்ன போட்டிருக்கணும்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. வேலைக்காலம் முழுவதையும் ஒரு மருந்துக் கம்பெனியின் அரிஷ்டப் பிரிவில் கழித்தவன் நான். மூலிகையும் வெல்லமும் சேர்ந்து புளிப்பேறும் வாசனையில்தான் பென்ஷன் வாங்கினேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது வாளியும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் 1963இலிருந்து, சொந்தமாகக் குடிப்பதற்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1978இல் வந்தது. நம்மூரில் ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம்தான், எத்தனையோ முறை தளர்த்தியும் இறுக்கியும் ஆன பிறகு, இன்றும் நடப்பில் இருக்கிறது. டாஸ்மாக் விற்கலாம், நீங்கள் அடுப்பில் ஒரு லிட்டர் காய்ச்சினாலும் குற்றம். எனவே கீழே வருகிற செய்முறைப் பேச்சு லெஸ்டர் சமையலறைக்கு. சுவை பார்க்கும் பேச்சு எல்லோருக்கும். அதற்குத் தேவையான சரக்கெல்லாம் காஞ்சிபுரம் நாட்டுமருந்துக் கடையிலும் இந்த டீக்கடையிலும் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டுவிட்டார்: "கள்ளக்குறிச்சில செத்தாங்களே, அது இதுதானே?" இல்லை. 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. அதைக் கலந்து விற்றார்கள். தானியத்தை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. ஏல் புளிக்கவைப்பதோடு நின்றுவிடுகிற பானம், வடிப்பது கிடையாது.

சரி, ஹாப்ஸ். அது ஒரு கொடி. கஞ்சாவும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம். பெண்கொடியில் பச்சைக் கூம்பு கூம்பாகப் பூக்கும். இதழ்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள். கசப்பும் வாசனையும் அதில்தான். கூம்பை அப்படியே போட்டால் கசப்பு அவ்வளவாக இறங்காது. ஒரு மணி நேரம் கொதித்தால்தான் அதிலுள்ள அமிலங்கள் உருமாறி நீரில் கரைந்து கசப்பைக் கொடுக்கும். பீருக்கு அது செய்கிற வேலை மூன்று. மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், இனிப்பை அடக்குகிறது. வாசனை தருகிறது. மூன்றாவதுதான் பெரியது: பாலைத் தயிராக்குகிற இனத்துப் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கிறது, ஈஸ்ட்டைத் தொந்தரவு செய்யாமல். அதனால் ஹாப்ஸ் போட்ட பீர் மாதக்கணக்கில் புளிக்காமல் நின்றது. பீப்பாயில் ஏற்றி அடுத்த நாட்டுக்கு விற்க முடிந்தது. கூம்பு ஜெயித்ததற்கு ருசியைவிட இந்த வியாபாரம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

பிரான்ஸில் கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்ட் 822இல் எழுதிவைத்த விதிகளில் பீருக்கான ஹாப்ஸ் பற்றிய குறிப்பு வருகிறது. ஆனாலும் அது எங்கும் பரவப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதுவரை வடக்கு ஐரோப்பாவில் க்ரூட் என்ற மூலிகைக் கலவைதான். சதுப்பு நிலத்தில் வளரும் போக் மிர்ட்டில், யாரோ என்ற வெள்ளைப்பூச் செடி, காட்டு ரோஸ்மேரி, இப்படி. பின்லாந்தில் இன்றும் சாஹ்தி என்ற ஏலை ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி அதன் வழியே வடிக்கிறார்கள். 1516இல் பவேரியாவில் வந்த சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. இங்கிலாந்தில் ரொம்ப நாள் ஏல் வேறு, பீர் வேறு: ஹாப்ஸ் போடாதது ஏல், போட்டது பீர். ஏலைப் பெண்கள் வீட்டில் காய்ச்சினார்கள். சில நாட்களுக்குள் ஊரே குடித்துத் தீர்த்தது. நாள்பட்டால் புளித்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதைக் கேட்டதும் பையன், "அப்போ நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா மாமா?" என்றான்.

இந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியா இது! தாமல் பழைய ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று இதன் பெயரில்தான் இருந்தது. அந்தத் தொண்டை நாட்டின் தலைவன், காஞ்சியில் இருந்த இளந்திரையன். அவனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை, 500 அடி. பரிசு பெற்ற பாணன் ஒருவன் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான்: இந்த ஊரில் இது கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும் என்று. வழியில் குளக்கரையில் வலைஞர் குடியிருப்பு. அங்கே கிடைக்கும் பானத்தைச் சொல்லும்போது செய்முறையையே சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். அகலவாய்த் தட்டில் பரப்பி ஆறவைக்கிறார்கள். அதில் ஒரு 'அடை'யைக் கலக்கிறார்கள். சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு. பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

பீர் காய்ச்சுகிறவன் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவான். அரிசி மாவுச்சத்தை ஈஸ்ட்டால் நேரே சாப்பிட முடியாது. முதலில் யாராவது அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். உலகத்தில் அதற்கு இரண்டே பெரிய வழிகள். ஒன்று முளைகட்டுவது: முளைக்கிற தானியம் தன் மாவைத் தானே உடைக்கும் நொதிகளைச் சுரக்கும்; பார்லி மால்ட் அதுதான். இன்னொன்று பூஞ்சணம். பெரும்பாணாற்றுப்படையின் அடை இதில் எது? நச்சினார்க்கினியர் உரை நெல்முளையை இடித்துச் சேர்த்தது என்கிற பக்கம் போகிறது. அப்படியானால் அது நெல் மால்ட். நாகாலாந்தில் அங்காமிகள் இன்றும் முளைவிட்ட நெல்லை இடித்துத்தான் ஸுதோ காய்ச்சுகிறார்கள், எனவே நடக்காத காரியமில்லை. ஆனால் புலவர் அந்த அடையின் மேற்பரப்பைப் பாம்புப் புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டுக்கு, நாம் புற்றாம்பழஞ்சோறு என்கிறோமே அதற்கு, உவமை சொல்கிறார். அது கறையான் பூஞ்சணம் வளர்க்கிற தோட்டம். மாவில் மூலிகை சேர்த்துத் தட்டிப் பூஞ்சணம் ஏறக் காயவைத்த வில்லையைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை உறைக்கும். ஜார்க்கண்டின் ஹண்டியாவுக்கு ராணு, இமயமலைப் பக்கம் மார்ச்சா, அசாமில் திமாசா மக்களின் ஜுதிமாவுக்கு ஒரு கொடிப்பட்டை சேர்த்த வில்லை. ஜுதிமா 2021இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நம் அடையிலும் முளை, பூஞ்சணம் இரண்டுமே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியரோடு சண்டை போடவில்லை, சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கு உதவுவது வேறு விஷயம். அந்தப் பானம் இரண்டு நாளில் குடிப்பதற்கு. அவ்வளவு குறைந்த நேரத்தில் சர்க்கரை முழுதும் தீர்ந்திருக்காது. இனிப்பு மிச்சம் இருந்திருக்கும், மேலே லேசான புளிப்பு. கசப்புக்கு எதையும் போட்டதாகச் சொல்லவில்லை. கூடவே சுட்ட மீன் வருகிறது பாருங்கள். தீய்ந்த தோலின் கசப்பும் உப்பும் வாயில் இருக்கும்போது இனிப்புத் தெகட்டாது. கசப்பு பானையில் இல்லை, தட்டில் இருந்தது. வடசென்னைக் கடற்கரையில் சுண்டக்கஞ்சி என்ற பெயர் இன்னும் காதில் விழுகிறது. அதுவும் அரிசிச் சரக்கு, அதையும் மீனவர் குப்பங்களோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள்.

காஞ்சி நகரமும் ஒன்றும் சளைத்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் குடிபோதைக் காபாலிகன் ஒருவன் காஞ்சித் தெருக்களில்தான் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான்.

இப்போது அவன் ஏலுக்கு வருவோம். செய்ததைச் சொல்லச் சொன்னேன். பார்லி மால்ட் ஒரு கிலோ. 70 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். வடித்த இனிப்புச் சாற்றில் உலர்ந்த யாரோ 15 கிராம், இஞ்சி ஒரு துண்டு. இரண்டையும் முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதி. ஆறவைத்து ஈஸ்ட். ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.045 காட்டியது, கடைசியில் 1.018இல் நின்றுவிட்டது.

"இந்த ரெண்டு நம்பர்லயே உன் பாயசம் இருக்குப்பா," என்றேன்.

ஹைட்ரோமீட்டர் காட்டுவது திரவத்தின் கனம். சர்க்கரை கூடினால் கனம் கூடும். ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்ற மாற்றக் கனம் குறையும். 1.045இலிருந்து 1.018 வரை இறங்கினால் ஆல்கஹால் சுமார் மூன்றரை விழுக்காடு. மிச்சமெல்லாம் ஈஸ்ட் தொடாத சர்க்கரைச் சங்கிலிகள். ஏன் தொடவில்லை? மால்ட்டை 70 டிகிரியில் ஊறவைத்ததால். அந்தச் சூட்டில் மாவைச் சின்னச் சின்னதாக நறுக்குகிற நொதி சீக்கிரம் செத்துப்போகும். பெரிய துண்டுகளாக வெட்டுகிற நொதி மட்டும் வேலை செய்யும். பெரிய துண்டு ஈஸ்ட்டுக்கு ஆகாது, பானத்தில் கனமாகவும் லேசான இனிப்பாகவும் தங்கிவிடும். 64, 65 டிகிரியில் ஊறியிருந்தால் 1.010 பக்கம் இறங்கியிருக்கும்; நாலரை விழுக்காடு ஆல்கஹால், பாதிக் கனம். ஹாப்ஸ் போட்ட பீரில் 1.018கூடத் தாங்கும், கசப்பு அதை மடக்கிவிடும். ஹாப்ஸ் இல்லாத ஏலில் மடக்க ஆளில்லை.

ஆகவே ஹாப்ஸுக்குப் பதிலாக ஒரே மூலிகையைத் தேடுவது வீண் வேலை. அது செய்த மூன்று வேலைகளைப் பிரித்து மூன்று பேரிடம் கொடுக்க வேண்டும். இனிப்பை அடக்கும் வேலையில் பெரும் பங்கு மூலிகைக்கு வேண்டாம், ஊறல் சூட்டுக்குக் கொடு. வாசனையைக் கடைசியில் போடும் மூலிகைக்குக் கொடு. கெடாமல் காக்கும் வேலையைச் சுத்தத்துக்கும் குளிருக்கும் அவசரத்துக்கும் கொடு. புளியில்லாத ரசம் வைக்கிறவள் புளிக்குப் பதிலாக இன்னொரு புளியையா தேடுகிறாள்? தக்காளியைக் கூட்டி, மிளகைத் தட்டி, எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து அதை வேறு ரசமாக்கிவிடுகிறாள்.

இனிக் கஷாயமும் பாக்கும். இதை விளக்கக் கையிலேயே டீ இருந்தது. கடைக்காரரிடம் பாலில்லாமல் அரைக் கிளாஸ் டிகாக்‌ஷன் மட்டும் கேட்டேன், நீண்ட நேரமாக அடுப்பில் கிடந்தது. ஒரு மடக்கு குடிக்கச் சொன்னேன். முகம் சுளித்தான். "கசப்பா, துவர்ப்பா?" என்றேன். யோசித்தான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கசப்பு நாக்கில் உணர்கிற சுவை. விழுங்கிய பிறகும் நாக்கின் பின்பக்கம் நிற்கும். துவர்ப்பு வேறு. டானின் என்கிற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது; எச்சிலின் வழுவழுப்புப் போய்க் கன்னத்தின் உட்புறம் சொரசொரக்கிறது. நாவல்பழமும் வாழைப்பூவும் பாக்கும் செய்வது அதைத்தான். அடுத்து அதே டிகாக்‌ஷனில் பால் ஊற்றிக் குடிக்கச் சொன்னேன். பாலிலுள்ள கேசீன் புரதம் டானினை முன்னாலேயே பிடித்துக்கொள்வதால் எச்சில் தப்பித்துவிடுகிறது. வாய் இழுக்கவில்லை, கசப்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஒரு கிளாஸ் டீயில் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடலாம்.

யாரோவில் கசப்பும் உண்டு, டானினும் உண்டு. ஒரு மணி நேரக் கொதியில் டானின் முழுதும் இறங்கிவிட்டது. ஹாப்ஸ் போட்ட பழக்கத்தில் எல்லா மூலிகையையும் ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். ஹாப்ஸுக்குத்தான் அந்த நேரம் வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். கசப்புக்கான மூலிகை 15 நிமிடம் போதும். வாசனைக்கானது அடுப்பை அணைத்த பிறகு. யாரோ 15 கிராமும் அதிகம், ஐந்தாறு கிராம் போதும்.

எங்கள் அரிஷ்டப் பிரிவில் இதையே தலைகீழாகச் செய்வோம். மூலிகையை வேகவைத்துக் கஷாயமாக வற்றவைத்து, வெல்லம் கலந்து, காட்டாத்திப்பூவைப் போட்டுப் பானையை மூடினால் அரிஷ்டம். வேகவைக்காமல் குளிர்நீரில் ஊறவிட்டால் ஆசவம். காட்டாத்திப்பூவில் ஒட்டிக்கொண்டு வரும் ஈஸ்ட்தான் புளிக்கவைக்கிறது. பூவின் டானின் துவர்ப்பைத் தருகிறது. சுமார் ஒரு மாதம் மூடிக் கிடக்கும். முடிந்ததா என்று பார்க்கப் பழைய வைத்தியர்கள் பானையில் காதை வைத்துக் கேட்பார்கள்: நொதிக்கும் சலசலப்பு அடங்கியிருக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்தி வாயருகே காட்டுவார்கள்: அணைந்தால் கரியமில வாயு இன்னும் வருகிறது, எரிந்தால் முடிந்தது. பூக்கள் அடியில் தங்கியிருக்கும். தசமூலாரிஷ்டத்தில் இப்படித் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 விழுக்காடு. பாட்டில் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். ஆக, ஹாப்ஸ் இல்லாத மூலிகைப் புளிப்புப் பானம் சட்டப்படி உரிமத்தோடு தயாராகி நாட்டுமருந்துக் கடை அலமாரியில் நிற்கிறது. சென்னையில் 1944இல் வைத்தியர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய இம்ப்காப்ஸும் கோட்டக்கல்லில் 1902இல் தொடங்கிய ஆரிய வைத்தியசாலையும் இன்றும் செய்கின்றன. அது மருந்து, வேளைக்கு 15 முதல் 30 மில்லி; ஏலாக நினைத்து மடக்கக் கூடாது. ஆனால் நாக்குக்குப் பயிற்சி தர அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. ஒரே மடக்கில் வெல்லத்தின் இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, திப்பிலியின் காரம் எல்லாம் வரிசையாக வரும்.

சுவை பார்ப்பதற்கு நான் சொன்ன முறை இது. ஏலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே குடிக்காதே. பனிக் குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். 12 டிகிரிக்கு வரட்டும். கிளாஸைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், உள்ளங்கையால் மூடி, ஒரு சுழற்றுச் சுழற்றி, திறந்ததும் முகர். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு. இப்போது தெரிவது நாக்கின் கணக்கு மட்டும்: இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, இஞ்சியின் எரிச்சல். மூக்கை விடு. விட்டவுடன் வந்து விழுவது அத்தனையும் வாசனை. "கஷாயம் மாதிரி இருக்கு" என்ற புகாரில் பாதி, மூக்கை விட்ட பிறகு வருவது. சின்ன வயதில் காய்ச்சலோடு சேர்ந்து மனதில் ஏறிய வாசனை அது. இங்கிலாந்துக்காரனுக்கு அதே கிளாஸ் புல்வெளி வாசனையாகப் படலாம். அதனால் நம் ஆட்கள் மூலிகை ஏலுக்கு மதிப்பெண் போடும்போது சுக்கு, திப்பிலி வாசனைக்குக் கொஞ்சம் கருணை காட்ட வேண்டியிருக்கிறது.

வாயில் நுரையின் குத்தலையும் கவனிக்கச் சொன்னேன். வாயு போய்விட்ட ஏல் எப்போதும் கூடுதல் இனிப்பாகத் தெரியும். காற்றுப் போன சோடாவைக் குடித்தவர்களுக்கு இது தெரியும்.

மதிப்பெண் என்றதும் அவன் ஃபோனில் ஒரு தாளைக் காட்டினான். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் தாள். மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. நல்ல தாள்தான். ஆனால் தன் சரக்குக்குத் தானே மார்க் போடுகிறவன் தாயுள்ளத்தோடு போடுவான். அதைவிட மூன்று கிளாஸ் பரீட்சை நேர்மையானது: இரண்டில் ஒரே ஏல், ஒன்றில் வேறு. எதில் எது என்று வீட்டில் வேறொருவர் ஊற்றட்டும். வேறாக இருக்கும் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நீ மாற்றிய மூலிகை அளவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

குறைகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. வினிகர் அடித்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. மோர்ப் புளிப்பு என்றால் தயிர்ப் பாக்டீரியா. ஹாப்ஸ் இல்லாத ஏலில் அது லேசாக இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன், பழைய சோற்று நீராகாரத்தில் வளர்ந்த நாக்கு அதை வரவேற்கும். உருகிய வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பிரித்துவிட்டாய், இன்னும் சில நாள் விடு. அழுகிய முட்டை வாசனை பெரும்பாலும் தானே போய்விடும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் வெப்பம் மிஞ்சிவிட்டது. ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி. தாமல் வெயிலில் அது கனவு.

மூலிகை அளவைக் குத்துமதிப்பாகப் போடாதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எங்கள் பிரிவில் கற்ற பாடம். மூலிகையைத் தனியே வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிக்கொள். புளித்து முடிந்த ஏலில் 100 மில்லி எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அந்தச் சாற்றை ஒவ்வொரு மில்லியாக விட்டுச் சுவை பார். இரண்டு மில்லியில் சரியாக இருந்தால் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. கொஞ்சம் குறைத்தே ஊற்று. கூட்டிக்கொள்ளலாம், எடுக்க முடியாது. நிலவேம்பை இந்த வழியைத் தவிர வேறு வழியில் தொடவே வேண்டாம், கொதியில் போட்டால் வாளி முழுவதும் காலி.

எதைப் போடலாம் என்று பட்டியல் கேட்டான். நான் இரண்டு மூன்றுதான் சொன்னேன். லெஸ்டரில் மக்வர்ட் கிடைக்கும். நம் மரிக்கொழுந்தின் இனம். கோயில் மாலையில் முகர்ந்த அந்த வாசனை அதிலும் ஒரு மூலையில் இருக்கும். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் பழகிய கூட்டணி. வெட்டிவேரைக் கோடையில் குடிதண்ணீர்ப் பானையில் போடுகிறோமே, அதை அடுப்பணைத்த சாற்றில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் மண்வாசனை வரும்; டானின் தொல்லை குறைவு. மிளகும் சுக்கும் சேர்க்கலாம்: வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் புளித்த மாவோடு மிளகும் சீரகமும் சுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று நினைத்துப் பார். ஆனால் சீரகம் ஏலுக்கு வேண்டாம். இட்லியில் மணக்கும், ஏலில் வியர்வை நெடி அடிக்கும் என்பது என் தீர்ப்பு. தெரியாத செடி எதுவும் கூடாது. யாரோ கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பழைய ஐரோப்பாவில் போதைக்காக ஹென்பேன் என்ற நச்சுச் செடியைக்கூடப் போட்டார்கள். பழமை என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

கடைசியாகப் பாட்டில். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால்தான் அடைக்க வேண்டும். லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரை, நுரைக்கு. சர்க்கரை கூடினாலோ புளிப்பு முடியாமல் அடைத்தாலோ கண்ணாடி வெடிக்கும், விளையாட்டில்லை. ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் அடைத்துவை. அமுக்கிப் பார்த்து அது கல்லாக இறுகிவிட்டால் மற்றவையும் தயார், எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்று.

"எத்தனை நாள் வெச்சிருக்கலாம் மாமா?"

"ஒரு மாசத்துக்குள்ள குடிச்சு முடி. ஹாப்ஸ் இல்லடா, காவலுக்கு ஆளில்லை."

"மீந்துபோச்சுன்னா?"

"புளிச்சிடும். மீனுக்கு ஊத்தி ஊறவெச்சு சுடு."